காவல் நாய்க்கும் ஹக்கு உண்டு

 

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்து ஸலாம் சொல்லி அருகே உட்கார்ந்தார். தொழுகையிலும் ஸகாத்திலும் பேணுதலானவர்.

"ஹஜ்ரத், தோப்பு நாய்க்கு வயசாயிப்போச்சு. பதினோரு வருஷமாக் கிடக்குது. கண்ணு சரியாத் தெரியலை. ஆள் வந்தாலும் குரைக்கிறதில்லை. புதுசா ஒரு குட்டி கொண்டாந்திருக்கோம். பழசைச் சாக்குல போட்டு, தேங்காய் லாரியில ஏத்தி, தூரத்துச் சந்தையில விட்டுட்டு வரச் சொல்லலாம்னு இருக்கேன். லாரி நஜீஸாயிடுமா?" என்று கேட்டார்.

நாம் மஸ்அலா சொன்னோம். ஈரம் பட்டிருந்தால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீராக இருக்க வேண்டும், இரு பக்கமும் உலர்ந்திருந்தால் நஜீஸ் ஒட்டாது என்று விளக்கினோம். அவர் நிம்மதியாக எழுந்து போனார். நமக்கும் ஒரு குறையும் தோன்றவில்லை.

அன்றிரவு மறுநாள் பாடத்துக்காகக் கிதாபைப் புரட்டியபோது, பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸ் கண்ணில் பட்டது. அவள் அதற்குத் தீனியும் போடவில்லை, பூமியில் உள்ள பூச்சி புழுக்களைத் தானே தேடித் தின்னும்படி அவிழ்த்தும் விடவில்லை, அதனால் நரகம் புகுந்தாள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். எத்தனையோ தடவை ஓதிக்கொடுத்த ஹதீஸ்தான். அன்று அதற்கு மேல் பாடம் பார்க்க முடியவில்லை. லாரியின் சுத்தத்தைப் பற்றி அந்தப் பெரியவர் கேட்டார், சொன்னோம். நாயின் கதியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

சுபுஹு தொழுதுவிட்டு அவருடைய தோப்புக்குப் போனோம். சங்கிலி மரத்தடியில் கிடந்தது. பக்கத்தில் நசுங்கிய அலுமினியத் தட்டு. லாரி இரவே போய்விட்டதாம். இருவரும் ஸ்கூட்டரில் அந்தச் சந்தைக்குப் போய்க் கடை கடையாய் விசாரித்தோம். இரவில் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கிழட்டு நாய் சுற்றியதாக டீக்கடைக்காரர் ஒருவர் சொன்னார். லுஹர் வரை தேடியும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பெரியவர் மெல்லக் கேட்டார்: "ஹஜ்ரத், இதுக்கு மறுமையில கேள்வி இருக்குமா?"

அன்று திண்ணையில் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறோம்.

நஜீஸும் வெறுப்பும்

நம் வீடுகளில் நாய் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நஜீஸ்தான். ஷாபிஈ மத்ஹபில் நாய் முழுவதும் கடுமையான நஜீஸ். ஹனபி மத்ஹபில் அதன் எச்சில் நஜீஸ், உடல் அப்படியல்ல. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானதே, பாத்திரத்தை ஏழு முறை கழுவுவது கட்டளைக்குக் கீழ்ப்படியும் வணக்கமாகும். அவரவர் மத்ஹபுப்படி அவரவர் நடக்கட்டும். அதில் நமக்குத் தர்க்கமில்லை.

ஆனால் நஜீஸ் என்ற சொல்லுக்கு நாமாக ஒரு பொருளைச் சேர்த்துக்கொண்டோம். வெறுக்கத்தக்கது, அடிக்கத்தக்கது, பட்டினி போட்டாலும் பரவாயில்லை என்பதே அந்தப் பொருள். இது எந்தக் கிதாபில் இருக்கிறது? நம் உடம்பில் ஓடும் இரத்தம் வெளியே வந்தால் நஜீஸ். அதற்காக நாம் நம்மை வெறுக்கிறோமா? மடியில் சிறுநீர் கழித்த பிள்ளையைத் தாய் என்ன செய்கிறாள்? சேலையைக் கழுவுகிறாள், பிள்ளையை முத்தமிடுகிறாள். நஜீஸின் சட்டம் நம்முடைய தொழுகைக்கும் பாத்திரத்துக்கும் உரியது. அந்த ஜீவன் அல்லாஹ்விடத்தில் எத்தகையது என்று தீர்ப்புச் சொல்ல அந்தச் சட்டம் வரவில்லை.

அல்குர்ஆனைப் பாருங்கள். பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயம் 38-ஆம் வசனம் அறிவிக்கிறது. வேட்டைக்குப் பழக்கிய பிராணிகள் நமக்காகப் பிடித்து வருவதை உண்ணலாம் என்று அல்மாயிதா அத்தியாயம் 4-ஆம் வசனம் அனுமதிக்கிறது. குகைவாசிகளின் நாய் வாசலில் முன்னங்கால்களை நீட்டிக் கிடந்த கோலத்தைக்கூட அல்லாஹுத்தஆலா அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் குறிப்பிடுகிறான். அவர்கள் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் தர்க்கித்ததைச் சொல்லும் இடத்திலும் ஒவ்வொரு கணக்கிலும் நாய் சேர்த்தே எண்ணப்படுகிறது. அது கிடந்த இடம் வாசல் என்பதையும் கவனியுங்கள். வீட்டுக்குள் தொழும் இடத்தில் அதற்கு வேலையில்லை, வாசலிலோ அதற்கென்று ஓர் இடம் உண்டு.

அனுமதியும் எல்லையும்

"நாய் வளர்ப்பதே கூடாதே, பிறகு ஏது ஹக்கு?" என்று சிலர் கேட்பார்கள். கால்நடை, வேட்டை, விவசாயம் ஆகிய தேவைகள் இல்லாமல் நாய் வைத்திருப்பவரின் நன்மையிலிருந்து தினமும் குறைகிறது என்பது ஸஹீஹான ஹதீஸ். நாய் இருக்கும் வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸையும் நாம் மறைக்கவில்லை. ஆகவே பக்கத்து வீட்டாரைப் பார்த்து ஆசைப்பட்டோ, அந்தஸ்துக்காகவோ விலை உயர்ந்த சாதி நாயை வாங்கி வந்து கூடத்தில் உலாவ விடுவதை நாம் சரி காணவில்லை. ஆட்டுக் கிடைக்கும் தோப்புக்கும் வயலுக்கும் காவல் வைக்கலாம். இந்த மூன்றையும் வைத்துக் கியாஸ் செய்து, வீட்டுக் காவலுக்கும் வைக்கலாம் என்பதே சரியான சொல் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் கூறியிருக்கிறார்கள்.

சரி, ஒருவர் தேவையில்லாமலே ஒரு நாயைக் கொண்டுவந்துவிட்டார். தவறு யாருடையது? அவருடையது. அதற்காக நாயைப் பட்டினி போட்டால் ஒரு தவறு இரண்டாகிறது. தேவையுள்ள ஒருவரிடம் அதை ஒப்படைப்பதே அவர் செய்ய வேண்டிய காரியம்.

விலையில்லாத ஜீவன்

ஷாபிஈ பிக்ஹில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாயை விற்பதும் வாங்குவதும் செல்லாது. அது 'மால்' எனும் சொத்து ஆகாது. காவலுக்கு வைத்திருப்பவருக்கு அதன் மீது ஒரு தனிப் பாத்தியதை மட்டுமே உண்டு. ஆடு மாட்டுக்குத் தீனி போடுவதில் நம் சொத்தைக் காப்பாற்றும் எண்ணமும் கலந்திருக்கலாம். சொத்தே ஆகாத நாய்க்குத் தீனி போட ஏன் கடமைப்பட்டோம்? அதன் உயிருக்கே ஒரு மதிப்பு இருப்பதால்தான் என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

தயம்மும் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பயணத்தில் ஒருவரிடம் உளூவுக்கு மட்டுமே போதுமான தண்ணீர் இருக்கிறது, கூட வந்த காவல் நாயோ வேட்டை நாயோ தாகத்தால் தவிக்கிறது. அவர் தண்ணீரை அதற்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும். எச்சில் பட்டால் ஏழு முறை கழுவச் சொன்ன அதே மத்ஹபுதான் இதையும் சொல்கிறது. முதல் பாடத்தை நம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கினோம். இரண்டாவதை எத்தனை வீடுகளில் சொல்லிக்கொடுத்தோம்?

தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தோல் காலுறையில் நீர் முகந்து, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலேறி வந்து புகட்டிய மனிதருக்கு அல்லாஹ் மன்னிப்பளித்தான். பனூ இஸ்ராயீலைச் சேர்ந்த, ஒழுக்கம் தவறிய பெண்ணொருத்தியும் இப்படியே ஒரு நாய்க்கு நீர் புகட்டி மன்னிக்கப்பட்டாள். கால்நடைகளிலும் நமக்கு நன்மை உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, ஈரமுள்ள ஈரல் கொண்ட ஒவ்வோர் உயிரிலும் நன்மை உண்டு என்று நபியவர்கள் பதிலளித்தார்கள்.

வயிறு நிறைந்தால் போதுமா?

தீனி போட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுவோர் உண்டு. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு முனகிக் கண்ணீர் விட்டது. நபியவர்கள் அதன் அருகே சென்று காதுக்குப் பின்புறம் தடவிக்கொடுத்தார்கள். அது அமைதியடைந்தது. பிறகுதான் உரிமையாளரை அழைத்து, நீர் இதைப் பட்டினி போடுவதாகவும் அளவுக்கு மீறி வேலை வாங்குவதாகவும் இது முறையிடுகிறது என்று கண்டித்தார்கள். வாயில்லா ஜீவனுக்குத் துக்கம் உண்டு என்பதும், தீனிக்கு முன்பாகவே ஆறுதல் தேவைப்படும் நேரம் உண்டு என்பதும் இதிலிருந்து விளங்குகிறது.

நாய் கூட்டமாக வாழும் இயல்புடைய பிராணி. தனிமை அதை வாட்டும். இரவும் பகலும் ஒரே மரத்தில் கட்டிக்கிடக்கும் நாய் நாளடைவில் அஞ்சும், சீறும், கடிக்கும். பிறகு 'கெட்ட நாய்' என்று பெயர் வைத்து அடிப்போம். நம் நாட்டில் 1960-ல் இயற்றப்பட்ட மிருகவதைத் தடுப்புச் சட்டம், வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் நாயை வெளியே நடமாட விடாமல் அலட்சியம் செய்வதையும் குற்றமாகக் குறிப்பிடுகிறது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதும் அச்சட்டப்படி குற்றமே. உலகச் சட்டமே இவ்வளவு பார்க்கும்போது, ஷரீஅத்தை உடைய நாம் பின்தங்கலாமா?

உழைத்து ஓய்ந்த பின்

இனி பெரியவரின் விஷயத்துக்கு வருவோம். ஹிஜ்ரி 660-ல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் பிராணிகளுக்கு மனிதன் செய்ய வேண்டிய கடமைகளை வரிசைப்படுத்தும்போது, கிழடு தட்டியோ நோயுற்றோ அதனால் எந்தப் பயனும் இல்லாமல் போனாலும் அதற்கு உரிய செலவைச் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் கிதாபுகளில் இந்தப் பதில் இருக்கிறது.

"அவிழ்த்து விடலாம் என்றும் பிக்ஹு சொல்கிறதே?" என்று ஓதியவர்கள் கேட்கலாம். உண்மைதான். தீனி கொடு, அல்லது பயன்படுத்துபவரிடம் கொடு, அல்லது அவிழ்த்து விடு என்று வழிகள் உண்டு. ஆனால் அவிழ்த்து விடுவது எதற்காக? அது தானே தேடித் தின்பதற்காக. கண் தெரியாத, பல் விழுந்த நாய், தெரியாத ஊரில் மற்ற நாய்களுக்கு நடுவே எதைத் தேடித் தின்னும்? கயிற்றை அவிழ்த்தாலும் அந்தப் பெண் பூனைக்குச் செய்ததையே நாம் செய்தவர்கள் ஆகிறோம்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

தோப்பும் ஆடும் காவலும் உள்ள குடும்பங்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்கிறோம்.

1. நாய்க்கென்று தனித் தட்டும் தனித் தண்ணீர்ப் பாத்திரமும் இருக்கட்டும். வீட்டுப் பாத்திரம் நஜீஸாகும் சங்கடம் வராது. நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே சூட்டைத் தணிக்கிறது. வெயில் காலத்தில் தண்ணீரும் நிழலும் அதற்கு உயிர்.

2. ரமலானில் பகலில் நம் அடுப்பு எரிவதில்லை. மதியச் சோற்றை நம்பியிருந்த நாய் இஃப்தார் வரை காய்ந்து கிடக்கிறது. நோன்பு நமக்குத்தான் கடமை. ஸஹர் நேரத்திலேயே அதன் பங்கை எடுத்து வையுங்கள்.

3. மிச்ச பிரியாணி போடுகிறோம் என்று திருப்திப்பட வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சு. வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் அன்று இதை நினைவில் வையுங்கள்.

4. மூன்று மாதக் குட்டியிலேயே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். இது நாய்க்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் நாம் செய்யும் கடமை. எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நோய் வெளிப்பட்ட பின் பிழைப்பது மிக அரிது. ஓதிப் பார்ப்பது மருந்துக்குத் தடையல்ல, மருந்தை விட்டுவிட்டு ஓதிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

5. காலையும் மாலையும் சிறிது நேரம் நடக்க விடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். உலர்ந்த கையால் தட்டிக்கொடுத்தால் ஷாபிஈகளுக்கும் கழுவும் வேலை வராது. பிள்ளைகள் கல்லெறிந்தால் கண்டியுங்கள். முகத்தில் அடிப்பதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

6. குட்டியைக் கொண்டுவரும் முன், அதன் கிழப் பருவத்தையும் சேர்த்து யோசியுங்கள். நாயின் ஆயுள் ஏறக்குறைய 10 முதல் 13 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் முடியாது என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம்.

அந்தக் கேள்விக்குப் பதில்

பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். கொம்புள்ள ஆடு முட்டியதற்காகக் கொம்பில்லாத ஆட்டுக்குக்கூட மறுமையில் பழிவாங்கிக் கொடுக்கப்படும் என்று ஹதீஸ் கூறுகிறது. ஆட்டுக்கும் ஆட்டுக்கும் இடையிலேயே நீதி நடக்கும் என்றால், பகுத்தறிவு கொடுக்கப்பட்ட நமக்கும் ஒரு பிராணிக்கும் இடையே கேள்வி இல்லாமல் போகுமா?

மனிதருக்குத் தீங்கு செய்தால் அவர் காலைப் பிடித்தாவது மன்னிப்புக் கேட்கலாம். அந்த நாயிடம் எப்படிக் கேட்பது? "காக்கா, உங்களுக்கு முன் எனக்குத்தான் கேள்வி. நீங்கள் மஸ்அலா கேட்டு வந்தீர்கள், நான் பாதியைத்தான் சொன்னேன். இருவரும் தவ்பா செய்வோம். இருக்கிற குட்டியை நன்றாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் பதில் பேசவில்லை. மறு வாரம் தோப்புப் பக்கம் போனபோது குட்டிக்குச் சங்கிலி இல்லை. மரத்தடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். அந்தப் பழைய தட்டைக் கழுவி அதில் தண்ணீர் வைத்திருந்தார்.

கேட்கப்படும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு எழுந்து போகும் ஆலிம்களாக நம்மை ஆக்காமல், வாயில்லா ஜீவன்களின் ஹக்கையும் உணர்ந்து நடக்கும் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.