உபபோகத்தில் இசைக்கும் அளவுண்டு

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை ஏற்ற இல்லறத்தார் ஒருவர், தம்மிடமுள்ள பொருளொன்றை நீக்கி, அதனினும் உயர்ந்த ஒன்றை அதன் இடத்தில் வைத்தால் விரதத்திற்குக் குறைவு நேருமா? எண்ணிக்கை கூடவில்லையே! பொம்மையார்பாளையத்தில் வாழும் நம் உறவினர் ஒருவர் விடுத்த வினா இது. அவர் கருதிய பொருள் நிலமுமன்று, நகையுமன்று. வீட்டு ஸ்டீரியோவுக்குரிய வால்வு ஆம்பிளிஃபயர்.

இளைய வாசகர்களுக்காகச் சிறிது விளக்குவோம். காற்று நீக்கிய கண்ணாடிக் குழலே வால்வு. 1904இல் பிளெமிங் அதனைப் படைத்தார். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் அதற்குப் பெருக்கும் ஆற்றலைத் தந்தார். 1947இல் டிரான்சிஸ்டர் தோன்றிய பின்னர் வால்வு மெல்ல மறைந்தது. எனினும் இசையன்பர் சிலர் அதனைக் கைவிட்டாரல்லர். 1925 முதல் மின்முறையில் பதிவான பழைய இசைத்தட்டுகள் வால்வின் வழியே பதிவானவையாதலின், அக்குரல்களை அதன் வழியே கேட்பதில் தனிச்சுவை உண்டென்பர். அதனை நாம் மறுக்கவில்லை.

அன்பரிடம் இப்போதிருப்பது எட்டு வாட், விரும்புவது பதினாறு. ஆற்றல் இரட்டித்தால் ஒலி மூன்று டெசிபல்தான் உயரும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். கணக்கு இவ்வாறிருக்க, அவர் நாடுவது ஒலியையா, புதுமையையா?

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இதற்கு விடை வைத்துள்ளார். ஒருமுறை துய்த்து ஒழிவது போகம், உணவு போல. மீண்டும் மீண்டும் துய்ப்பது உபபோகம், ஆடை போல. பொருளுக்கு எல்லை வகுத்த பின்னரும், அவ்வெல்லைக்குள் பயன்படும் பொருள்களையே மேலும் குறைத்துக்கொள்க, பற்று மெலியும்பொருட்டு என்பது அவர் கருத்து. எண்ணிக்கை கூடவில்லை என்னும் வாதம் இங்கே நில்லாது. அளக்கப்படுவது பற்று, பெட்டிகளின் தொகையன்று. ஆசாரியர் இவ்விரதத்திற்குரியவற்றை எண்ணும்போது உணவு, ஊர்தி, படுக்கை, அணிகலன் ஆகியவற்றோடு இசையையும் பாட்டையும் சேர்த்தே கூறுகிறார். துய்த்த இன்பத்தை நினைந்து ஏங்குதலும், வரவிருக்கும் இன்பத்தில் வேட்கை மிகுதலும் இவ்விரதத்தின் அதிசாரங்களுள் அடங்கும். கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டை விட்டு, வேறொரு கருவியில் அது எவ்வாறு ஒலிக்கும் என்று கற்பனை செய்திருக்கும் நெஞ்சம் இவ்விரண்டிலும் சிக்குகிறது. இந்நாட்டத்திற்கு ஆட்பட்டோர் பலர் பாட்டையே கேட்பதில்லை, கருவியைத்தான் கேட்கிறார்கள்!

இன்னொன்றையும் அவரிடம் கூறினோம். ஆற்றல் மிகுந்த வால்வு மிகுதியாகச் சுடும், ஒளிரவும் செய்யும். மழைக்காலத்து அந்திப்பொழுதில் கடலோரச் சிற்றூரில் விளக்கொளியை நாடி ஈசல்கள் எவ்வளவு வருமென்பது அவ்வூரார்க்குத் தெரியாததன்று. இருட்டிய பின் உண்ணாமையைப் பேணும் வீட்டில், சுடும் கண்ணாடியைத் திறந்து வைத்துச் சிற்றுயிர்களை அழைக்கலாமா? சல்லடை மூடி இடலாமே என்றார். கண்கள் பெரியனவாயின் ஈசல் புகும். மிகச் சிறியனவாயின் வெப்பம் எளிதில் வெளியேறாது. அந்திக்கு முன் கேட்டு நிறுத்துவதே எளிது.

ஆயினும் பழுது வேறு, பெருக்கம் வேறு. உப்புக்காற்றில் வால்வின் கால்களும் அவை பொருந்தும் குழிகளும் அரிக்கப்படும். நாள்பட்ட வால்வு வலிமை குன்றும். அவற்றை மாற்றுவது உள்ள பொருளைப் பேணுதலேயாம். கிழிந்த ஆடையைத் தைப்பது போன்றது.

வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். கால எல்லையோடு ஏற்பது நியமம். ஒரு நாள், ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு பருவம், ஓர் அயனம் எனத் தத்தம் ஆற்றலுக்கேற்ப எல்லை கொள்ள இடமுண்டு. ஓர் அயனம், அதாவது ஆறு திங்கள், புதிய ஆம்பிளிஃபயர்களின் விலைப்பட்டியலைப் பார்ப்பதில்லை என்று அன்பர் நியமம் ஏற்றுள்ளார். பாட்டுக் கேட்பதை அவர் நிறுத்தவில்லை; நிறுத்தச் சொன்னோமுமில்லை. தேய்ந்த வால்வுகள் இரண்டை மட்டும் மாற்றிக்கொண்டார். அயனம் முடிந்த பின்னும் பதினாறு வாட் வேண்டுமென்று அவருக்குத் தோன்றினால், பழைய கருவி யாருக்குச் செல்லும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு வருமாறு கூறியிருக்கிறோம்.