கொல்லிப்பாவை கொல்லுமா?

கொல்லிமலையின் எழிலைக் கண்டவர்கள் எளிதில் மறவார். நாமக்கல் மாவட்டத்திலே, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், மிளகுக்கொடி தழுவிய மரங்கள், பலாவின் நறுமணம், தினையும் சாமையும் விளையும் சரிவுகள், ஆகாய கங்கை அருவியின் ஓயாத முழக்கம்! வல்வில் ஓரி ஆண்ட மலை அது. வாரி வழங்கிய வள்ளலின் மலை.

அம்மலைக்கு ஒரு பாவை உண்டு. நற்றிணையும் குறுந்தொகையும் அதனைப் பேசுகின்றன. தெய்வம் வடித்த பாவை. காற்று மோதினும் மழை அறையினும் வடிவம் குன்றாத பாவை! சங்கப் புலவர்கள் காதலியின் அழகுக்கு அதனை உவமை காட்டினர். பின்னே வந்த கதைகளோ, பாவையின் உதட்டிலே சிரிப்பை வைத்தன. அந்தச் சிரிப்பிலே சாவை வைத்தன. வருவோரைக் கண்டால் நகைக்குமாம் பாவை. நகையில் மயங்கி நெருங்கியவன் மடிவானாம்.

பதுமை சிரிக்குமா? சிரிக்காது. பதுமை கொல்லுமா? கொல்லாது. பகுத்தறிவாளனுக்கு இதிலே ஐயமில்லை. ஆனால், நான் கேட்க வந்த கேள்வி வேறு. பதுமை கொல்லாது, சரி. பதுமையாய் உறைந்துபோன துயரம் கொல்லுமா?

ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். பெயர் சொல்லவில்லை, நடந்த கதையென்றும் சொல்லவில்லை. எந்த மலைச்சிற்றூரிலும் நடக்கக்கூடியது. காய்ச்சலில் துடித்த குழந்தையைத் தோளிலே சுமந்து மலையிறங்கினாள், மருத்துவமனை வருமுன் தோள் கனத்தது, குழந்தை குளிர்ந்தது. அழ நேரமில்லை, மறுநாள் களையெடுக்க வேண்டும். அழ இடமுமில்லை, "உன் ராசி" என்றாள் மாமியார், "உன் விதி" என்றார் ஊரார். ஆண்டுகள் உருண்டன. திடீரென்று ஒரு நாள் உடல் நடுங்குகிறது, பல் கிட்டுகிறது, கை இறுகுகிறது. பூசாரி வருகிறார், "பேய்" என்கிறார், வேப்பிலையை எடுக்கிறார், பிறகு பிரம்பை எடுக்கிறார்.

அங்கே நம் தோழன் வருகிறான். "பேயாவது, பிசாசாவது! பித்தலாட்டம்!" என்று முழங்குகிறான். பூசாரி வாயடைத்துப் போகிறார். தோழன் வென்றான்; ஊர் திரும்பினான்.

அவள்? அவள் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பேய் பொய் என்று மெய்ப்பித்துவிட்டோம், நன்று. ஆனால் நடுக்கம் பொய்யன்றே! அந்த நடுக்கத்துக்கு நாம் தந்த விடை என்ன? பேயை ஓட்டியவனுக்குக் காணிக்கை கிடைத்தது. பேயை மறுத்தவனுக்குக் கைதட்டல் கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது என்ன?

இந்தக் கேள்வி இலக்கியக் கற்பனைக்காக எழுப்பப்படுவதன்று. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியிலே, மனநோயாளர் தங்கவைக்கப்பட்டிருந்த ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் கருகி மாண்டனர். ஓட முடியவில்லை; பலருடைய காலிலே சங்கிலி! மந்திரத்தை நம்பி அழைத்து வந்தவர்கள், மனிதரைக் கட்டிப் போட்டனர். அதன்பின் நாடு விழித்தது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று விதித்தது. இரும்புச் சங்கிலியைச் சட்டம் அறுத்தது. உள்ளத்தின் சங்கிலியை அறுப்பது எது?

அதற்கு மேலைநாட்டிலே முளைத்த முறைகளுள் ஒன்றைத் தோழர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். கெஸ்டால்ட் உளமருத்துவம் என்பது அதன் பெயர். 'கெஸ்டால்ட்' செருமானியச் சொல். முழுமையான வடிவம் என்று பொருள் கொள்ளலாம். நாதசுரக் கலைஞர் சுருதியை மாற்றி வாசித்தாலும் பாட்டு அதே பாட்டு என்று நாம் உணர்கிறோம். ஒலிகள் எல்லாம் மாறிவிட்டன, வடிவம் மாறவில்லை. உள்ளம் துண்டு துண்டாய்க் காண்பதில்லை, முழுமையாய்க் காண்கிறது என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெர்தைமர், கோலர், கோஃப்கா ஆகிய அறிஞர்கள் ஆய்ந்து காட்டினர்.

அக்கருத்தை மருத்துவத்திற்குக் கொணர்ந்தவர் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ். 1893-இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர்; முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளைக் கண்டவர்; ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வைப் பயின்றவர். 1933-இல் இட்லர் ஆட்சி ஏறியதும் நாட்டை விட்டு வெளியேறித் தென்னாப்பிரிக்கா சென்று, 1946-இல் அமெரிக்கா சேர்ந்தார். 1951-இல் பால் குட்மன், ரால்ஃப் ஹெஃபர்லைன் ஆகியோருடன் இம்முறையை விளக்கும் நூலை வெளியிட்டார். மனைவி லாரா பெர்ல்சும் உளவியல் அறிஞரே. இம்முறையை உருவாக்கியதில் அவர் பங்கு பெரிது. அவருக்குக் கிட்டிய புகழின் பங்கு சிறிது. ஆண்கள் எழுதும் வரலாற்றிலே இது புதிதா, என்ன?

இம்முறையின் அடிப்படை என்ன? சுருங்கச் சொல்லின், 'இங்கே, இப்போது'. ஊழ்வினை பேசுவோன், "முற்பிறவியில் என்ன செய்தாயோ" என்பான். பழைய உளப்பகுப்பாய்வாளர், "பிள்ளைப் பருவத்தில் என்ன நடந்தது?" என்று தோண்டுவார். கெஸ்டால்ட் மருத்துவரோ, "இப்போது உன்னுள் என்ன நிகழ்கிறது? எப்படி நிகழ்கிறது?" என்று கேட்பார். "ஏன்" என்பதைவிட "என்ன", "எப்படி" என்பனவே அவர்க்கு முதன்மை.

அந்தத் தாயிடம் அவர் என்ன சொல்வார்? "அம்மா, பேசும்போது உங்கள் கை இறுகுகிறதே, கவனித்தீர்களா? அந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது?" என்பார். அவள் கையைப் பார்ப்பாள். நெடுங்காலமாய் இறுகிய கையை அன்றுதான் பார்ப்பாள்! எதிரே ஓர் இருக்கையை வெறுமையாய் வைப்பார். "குழந்தை அங்கே இருப்பதாய்க் கொள்ளுங்கள், சொல்லாமல் விட்டதைச் சொல்லுங்கள்" என்பார். "உன்னைக் கீழே வைக்கவே இல்லையடா, கண்ணே! கடைசி வரை சுமந்தேனடா!" என்று அவள் கதறக்கூடும். அழவேண்டிய அழுகை, அழவேண்டிய முகத்தை நோக்கி, அன்று வெளிவரக்கூடும். முடியாமல் கிடந்த ஒன்று முடிவு பெறத் தொடங்கும்.

கடந்த காலம் கொல்லிப்பாவையைப் போன்றது. காற்றும் மழையும் அதனை மாற்றா, நடந்தது நடந்ததுதான். ஆனால், அதனைச் சிரிக்க வைப்பதும் நகர வைப்பதும் நம் இன்றைய மூச்சு. இன்று நாம் இறுக்கும் தசை. இன்று நாம் விழுங்கும் சொல். பாவையை உடைக்க முடியாது. அதற்கு நாம் கொடுக்கும் உயிரை அறிய முடியும். அறிந்தால், அதன் கொல்லும் சிரிப்பு மெல்ல அடங்கும்.

இதனைக் கேட்டதும், "இதெல்லாம் எங்கள் முன்னோர் அன்றே கண்டது!" என்று மார்தட்டச் சிலர் கிளம்புவர். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். உளமருத்துவம் சங்க காலத்தில் இல்லை. ஆனால், ஓர் உண்மையைத் தமிழ்ப் புலவர்கள் கூர்ந்து கண்டனர். குறிஞ்சிப் பாடல்களிலே தலைவி மெலிகிறாள். "முருகு அணங்கிற்று" என்று தாய் வேலனை அழைத்து வெறியாட வைக்கிறாள். தோழி உள்ளூர நகைக்கிறாள். நோய் அணங்கால் வந்ததன்று, சொல்லாத காதலால் வந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவள் நகையோடு நிற்பதில்லை; அறத்தொடு நின்று, மறைந்து கிடந்த உண்மையைத் தாய்க்கு எடுத்துரைக்கிறாள். வெறியாட்டைப் பார்த்து நகைத்துவிட்டு நடையைக் கட்டும் பகுத்தறிவாளனுக்கும், அறத்தொடு நிற்கும் தோழிக்கும் இடையிலே உள்ள தொலைவு எவ்வளவு! நாம் யாராக இருக்கப் போகிறோம்?

இன்னொரு கருத்து, நமக்கென்றே சொன்னது போன்றது. உணவை மெல்லாமல் விழுங்கினால் வயிற்றிலே தங்கி வதைக்கும். கருத்தை மெல்லாமல் விழுங்கினால் உள்ளத்திலே தங்கி வதைக்கும் என்றார் பெர்ல்ஸ். "பெண் என்றால் அடங்கு", "ஆண் என்றால் அழாதே", "இந்தச் சாதியிலே பிறந்தவன் இப்படித்தான் குனிய வேண்டும்" - இவையெல்லாம் நாம் மென்று தின்றவையா? தாய்ப்பாலோடு திணிக்கப்பட்டவை! நம் வயிற்றிலே கிடக்கும் அயலார் கற்கள்! பகுத்தறிவு என்பதே, விழுங்கியதை வெளியே எடுத்து மென்று பார்ப்பதன்றோ? ஆனால், ஒன்றை மறவாதீர். நம் மேடையில் கேட்டதையும் மெல்லாமல் விழுங்கினால், அதுவும் கல்லே.

இனி, என்னை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். "பசித்தவனிடம் சென்று மூச்சைக் கவனி என்பதா? சாதி இழிவால் குமுறுபவனிடம் உன் உணர்ச்சிக்கு நீயே பொறுப்பு என்பதா? இது விதிக்குப் புதுச்சட்டை போட்டதாகாதா?" என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். ஏனெனில், இம்முறை அந்தப் பள்ளத்திலே சில வேளை விழுந்ததுண்டு. 1960-களிலே அமெரிக்காவின் கலிஃபோர்னியாக் கடற்கரையில், எசலன் நிலையத்தில் பெர்ல்ஸ் நடத்திய பயிற்சிகள் புகழ்பெற்றன. "நான் என் வழி, நீ உன் வழி" என்ற தன்னலமாக அதனைச் சிலர் சுருக்கிக்கொண்டனர்.

என் விடை இது. காயம் செய்தவன் ஒருவன். காயத்தைச் சுமப்பவன் ஒருவன். காயத்திற்குப் பொறுப்பு, செய்தவனுடையது. அதை எவ்வகை ஒப்பனையும் மாற்றாது. சுமக்கும் முறையிலே மட்டுமே, சுமப்பவனுக்கு ஓரளவு உரிமை உண்டு. ஊழ்வினைக் கொள்கை செய்த கொடுமை, இவ்விரண்டையும் ஒன்றாக்கியதுதான். அடித்தவனை விட்டுவிட்டு, அடிபட்டவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதுதான். 'இங்கே, இப்போது' என்பதை அடங்கிக் கிட என்று பொருள்படுத்துவோன், பழைய விதியையே புதிய மொழியில் விற்கிறான். அந்தத் தாயின் துயரை அவள் அழுது தீர்க்கலாம். மலையிலே மருத்துவமனை இல்லையென்றால், அது அழுது தீர்ப்பதற்கன்று, கேட்டுப் பெறுவதற்கு!

உண்மையில், இம்முறையின் தொடக்க நூலே மனிதனையும் சூழலையும் பிரிக்கவில்லை. சூழலுக்கேற்ப வளைவது மட்டும் நலமன்று, சூழலை மாற்றுவதும் நலமே என்றது. உடன் எழுதிய பால் குட்மன், சமுதாயத்தைச் சாடிய எழுத்தாளர். சினம் நோயன்று என்பது அவர்கள் துணிபு. பிறர்மேல் செல்லவேண்டிய சினம் தன்மேலேயே திரும்பினால், தலைவலியாகவும் தற்கொலை எண்ணமாகவும் மாறக்கூடும்.

தவறான முகவரிக்குப் போவதும் உண்டு, தோழர்களே! பண்ணையாரிடம் பேசவேண்டிய சொல்லை மனைவியிடம் வீசுகிறவர் எத்தனை பேர்! மேடையிலே சமத்துவம், அடுக்களையிலே அதிகாரம். வெளியே விடுதலை முழக்கம், வீட்டிலே பிள்ளைகள் நடுக்கம். "இப்போது யார்மேல் சினம் கொள்கிறேன்? உண்மையில் யாருக்குரியது இது?" என்று நின்று கேட்கத் தெரியாத போராளி, தான் எதிர்க்கும் கொடுமையின் சிறு பதிப்பைத் தன் வீட்டிலேயே அச்சிடுகிறான். உள்ளத்தைப் பார்ப்பது போராட்டத்தை விட்டு ஓடுவதாகாது. சினத்தைச் சரியான வாயிலுக்குக் கொண்டுசெல்லும் வழி அது.

எதையும் சான்று கேட்பவர்கள் நாம், இதையும் கேட்போம். வெறும் இருக்கையோடு பேசும் முறையைக் கனடாவிலே லெஸ்லி கிரீன்பெர்க்கும் உடன் உழைத்தோரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, பழைய மனக்காயம் உடையோர்க்கு அது உதவுவதைக் காட்டியுள்ளனர். அதனால் எல்லாம் தீரும் என்றெண்ணுவது மடமை. மனச்சிதைவு போன்ற கடுநோய்க்கு மருந்தும் மருத்துவரும் வேண்டும். பயிற்சியற்றவன் கையில் இம்முறை, பிள்ளை கையில் வேல். ஏன், பெர்ல்சையே பாருங்கள்! 1936-இல் ஃபிராய்டைக் காணச் சென்றார்; வாயிலிலேயே சில மணித்துளிப் பேச்சோடு சந்திப்பு முடிந்தது. முதுமையிலும் அதனைத் தம் வாழ்வின் முடியாத கணக்கு என்றே எழுதினார். அவருக்கும் ஒரு பாவை இருந்தது! மருத்துவரும் மனிதரே என்றறிவது, மருத்துவத்தை மந்திரமாக்காமல் காக்கும்.

ஆகவே, தோழனே! அடுத்த முறை நடுங்கும் ஒருத்தியைக் கண்டால், பேயில்லை என்று சொல், உரக்கச் சொல். சொன்ன பிறகு, போய்விடாதே. அருகில் அமர். "உனக்கு என்னம்மா வலிக்கிறது?" என்று கேள். அவள் சொல்வதைக் கேள். சொல்ல முடியாததற்கும் காத்திரு. மருத்துவரிடம் துணையாய்ச் செல். 2022 முதல், 14416 என்ற எண்ணிலே அரசின் மனநல உதவி கிடைக்கிறது, அதனை அவளுக்குச் சொல், உனக்கும் குறித்துக்கொள்.

கொல்லிமலைச் சாலையிலே வண்டியோட்டுவோன், கடந்த வளைவை எண்ணிக் கலங்கினாலும் கவிழ்வான். வரும் வளைவை எண்ணி மயங்கினாலும் கவிழ்வான். கையிலுள்ள வளைவைத் திருப்பியே 70-ஐயும் கடக்கிறான். அவனருகே ஒரு துணை அமர்ந்திருந்தால், இரவிலும் ஏறிவிடலாம்.

பாவை கொல்லாது, தோழர்களே! தனிமை கொல்லும்.