மானுக்கு எட்டத்தில் ஒரு வீடு

குடும்பத்தை எந்த ஊருக்குக் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தால் நம்மவர்கள் பார்ப்பது வேலை, பள்ளிக்கூடம், தண்ணீர், மாமியார் வீட்டுக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்பவற்றைத்தான். என் அக்கா மகன் இவற்றோடு மானையும் சேர்த்தான். அமெரிக்காவில் இரண்டு கம்பெனிகள் அவனை வேலைக்குக் கூப்பிடுகின்றன, ஒன்று டெக்சாஸில், மற்றது விஸ்கான்சினில். சம்பளத்தில் பெரிய வித்தியாசமில்லை. "மான் வேட்டைக்கு எது தோதுன்னு பார்த்துத்தான் மாமா முடிவு பண்ணணும்" என்றான். அக்காவுக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி வேகிற வீட்டில் இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு அவன் கேள்வி பிடித்திருந்தது. மனதுக்குப் பிடித்த ஒன்றுக்காக ஊரைத் தேடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். ஓசூர்ப் பக்கம் வந்து வேர்விட்ட எங்களைக் கேட்டுப்பாருங்கள், சிப்காட்டில் வேலை கிடைத்தது, வந்தோம் என்போம். அதில் பொய்யில்லை. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, அதன் பின்னால் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்தன, அவற்றின் பின்னால் நாங்கள் வந்தோம். ஆனால் பணி ஓய்வு பெற்ற பிறகும் சொந்த ஊருக்குத் திரும்பாமல் பக்கத்துக் கெலமங்கலத்தில் வீடு கட்டிக்கொண்டவர்கள் எந்த வேலைக்காகக் கட்டினார்கள்? ராத்திரியில் உடம்பை வேர்க்கவிடாத இந்தக் காற்றுக்காகத்தான். அதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சம். பிள்ளைகள் படிப்பு, பெங்களூர் பக்கம் என்று ஏதேதோ சொல்லிச் சமாளிப்போம்.

மருமகன் கேள்வியோடு நிற்கவில்லை, வீட்டுப்பாடமும் செய்திருந்தான். டெக்சாஸில் மான் ஏராளம், ஆனால் நிலம் ஏறத்தாழ எல்லாமே தனியாருடையது. வேட்டையாட வேண்டுமென்றால் பண்ணைக்காரருக்குக் குத்தகைப் பணம் கட்டவேண்டும். விஸ்கான்சினில் யாரும் போகக்கூடிய பொதுக்காடு நிறைய. துப்பாக்கிக்கான முக்கியப் பருவம் நவம்பரில் ஒன்பது நாள், குளிரில் விறைத்தபடி காத்திருக்கவேண்டும். ஆனால் மானை மெலியவைத்துக் கொல்லும் ஒரு நோய் 2002-இல் அங்கே கண்டறியப்பட்டு இன்றுவரை பரவிக்கொண்டிருக்கிறது. சுட்ட மானின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வைத்திருப்பவர்கள் உண்டாம். வேலைக்குக் கூப்பிடாத பென்சில்வேனியாவைப் பற்றியும் படித்திருந்தான்: அங்கே வேட்டைப் பருவம் தொடங்கும் திங்கட்கிழமை பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விடுகிற வழக்கம் இருந்தது. 2019-இல் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிய பிறகும் பல பள்ளிகள் அந்தத் திங்கட்கிழமை லீவைக் கைவிடவில்லை.

நூறு வருடத்துக்கு முன்பு அந்த நாட்டில் மான் கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. இன்று அது கோடிக்கணக்கில் இருக்கிறது. இதற்குக் காரணம் பல. அதில் ஒன்று, 1937-இல் அவர்கள் போட்ட சட்டம். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே செலவிட வேண்டும் என்றது அது. வேட்டைக்காரன் காசில் மான் பெருகுகிறது. கேட்கவே விசித்திரமாக இருந்தாலும் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

இங்கே அந்தக் கணக்கு கிடையாது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது உரிமம் வாங்கிச் சில விலங்குகளைச் சுட வழி இருந்தது. 1991-இல் செய்த திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது. எங்கள் கெலமங்கலம் ஒன்றியத்தில் பெட்டமுகிலாளம் மலைக்கு ஏறினால் புள்ளிமான் உண்டு, கடமான் உண்டு, சுட்டால் ஜெயிலும் உண்டு. அந்தப் பக்கத்துக் காடுகளில் ஒரு பெரும் பகுதியைச் சேர்த்து 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள்.

ஆனால் வேட்டைக்காகவே இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த ஒருவரை உலகமே படித்திருக்கிறது. கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் புத்தகங்களைத் திறந்தால் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று நாம் பஸ் பிடித்துப் போகிற ஊர்களெல்லாம் வரும். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் பற்றி அவர் எழுதியதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு கதை என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் அக்கறையில்லை. இந்தக் காட்டின் மேல் அத்தனை மோகம் கொண்ட மனிதர் வீட்டை வைத்திருந்தது பெங்களூரில். லீவு கிடைத்தால் காட்டுக்குக் கிளம்புவார், பிறகு தொழிற்சாலைக்குத் திரும்பிவிடுவார். குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு ஜவளகிரியில் போய்க் குந்தவில்லை.

காட்டோரக் கிராமங்களில் துப்பாக்கி வேறு காரணத்துக்காக இருந்தது. கேழ்வரகுக் கொல்லைக்குக் காவல் போகிறவன் கையில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருக்கும், காவலுக்கு நடுவே குறுக்கே வந்த மான் குழம்பாகவும் ஆகும். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளைத் தானாக முன்வந்து ஒப்படைத்துவிடுங்கள், வழக்குப் போடமாட்டோம் என்று ஊர் ஊராகச் சொல்லி அவற்றை வாங்கியிருக்கிறார்கள் அதிகாரிகள். இந்த மாவட்டத்து நடுகற்களில் புலியோடும் பன்றியோடும் மோதி மாண்டவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தவரையில் மானைக் கொன்றதற்காக யாருக்கும் கல் நட்டதில்லை. கர்நாடக எல்லையில் இந்த விளையாட்டு இன்னும் விபரீதம். 2023 பிப்ரவரியில் மேட்டூருக்கு மேலே பாலாற்றுப் பக்கம் கர்நாடக வனத்துறை சுட்டதில் கோவிந்தபாடிக்காரர் ஒருவர் இறந்துபோனார். மான் வேட்டைக்கு வந்தவர்கள் என்றது அந்தத் துறை. மீன் பிடிக்கப் போனவர் என்றார்கள் ஊர்க்காரர்கள்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கும் மான்மேல் ஆசை. அவர் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை, முட்டை சாப்பிடாதவர். அஞ்செட்டி சாலையில் காட்டை ஒட்டி இரண்டரை ஏக்கர் வாங்கி, திண்ணையில் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்து மான் மேய்வதைப் பார்த்தபடியே மிச்சக் காலத்தைக் கழிக்கவேண்டும் என்கிறார். பெங்களூர்க்காரர்கள் பலருக்கும் இதே ஆசை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிற வழியெல்லாம் பண்ணை மனை விளம்பரப் பலகை நிற்பது சும்மா இல்லை.

அக்கா மகனையும் இந்த நண்பரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். மருமகன் அரசாங்கத்திடம் சீட்டு வாங்கி வருடத்துக்கு ஒரு மானைச் சுடுவான், தின்பான். நண்பர் எறும்பையும் மிதிக்கமாட்டார். ஆனாலும் மானுக்கு யாரால் அதிகச் சேதம் என்றால், நண்பரால்தான் என்று சொல்வேன். அவரிடம் சொல்லியும் விட்டேன். இரண்டு நாள் பேசவில்லை.

அவர் மனை வாங்கியதும் முதலில் போடுவது வேலி. அதற்குப் பிறகு போர்வெல், வீட்டைச் சுற்றி விடியவிடிய எரியும் விளக்கு, காவலுக்கு நாய். இவற்றில் ஒன்றும் குற்றமில்லை, குடியிருக்கிறவனுக்கு எல்லாமே வேண்டும். ஆனால் கோடையில் தண்ணீருக்காக ஊர்ப்பக்கம் இறங்குகிற புள்ளிமானைக் கொல்வது பெரும்பாலும் வேட்டைக்காரன் இல்லை. நாய் துரத்திக் கடிக்கிறது, சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுகிறது, இல்லையென்றால் ரோட்டில் அடிபடுகிறது. அமெரிக்காவின் வெள்ளைவால் மான் வீட்டுத் தோட்டத்துச் செடியைத் தின்று கொழுக்கிறது என்று மருமகன் சொல்கிறான். நம் ஊரில் வீட்டுப்பக்கம் வந்த மான் அவ்வளவு சுலபமாகத் திரும்பிப்போவதில்லை.

வேலியின் கதை இன்னும் மோசம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக வைத்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச்சுற்றி வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பன்றியால் விவசாயி படும் பாடும் பொய்யில்லை. காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025-இல் அரசு சொன்னதற்கு அந்தப் பாடுதான் காரணம்.

யானையைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் குடியேறுவதைப் பற்றிப் பேச முடியாது. வருடம்தோறும் கேழ்வரகு கதிர் பிடிக்கிற நாளில் பன்னேர்கட்டாவிலிருந்து கூட்டம் கிளம்பும். ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்கம் என்று இறங்கி, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சானமாவுக் காடுவரை வரும். வழியில் எங்கள் ஊர்க் கொல்லைகள். மனிதர்கள் பரண் போட்டு, தகரம் தட்டி, பட்டாசு வெடித்து ராத்திரியெல்லாம் விழித்திருப்பார்கள். அந்தக் கொல்லைகளை ஒட்டிய சாலையில் விடிவதற்குள் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் போகும். நேற்றுவரை கேழ்வரகு விளைந்த கொல்லை இன்று கம்பிவேலி போட்ட மனையாகிவிட்டது என்று யானைக்கு யார் சொல்வது? அது அடுத்த கொல்லைக்குள் திரும்பும். காட்சிக்காக மனை வாங்கியவர் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொள்வார், நஷ்டம் பக்கத்துக் கொல்லைக்காரருக்கு. இழப்பீடு கேட்டு எழுதிப்போட்டுவிட்டு அவர் காத்திருக்கவேண்டும்.

ஆகவே மான் வேண்டும் என்பவர் மானிலிருந்து தள்ளித்தான் குடியிருக்கவேண்டும் என்பது என் கட்சி. நம் பக்கத்தில் ஓர் இடத்தில் மான் நிறைந்திருப்பதே அங்கே நாம் இல்லாததால்தான். நாம் போய்ச் சேர்ந்த அன்றைக்கே அது குறையத் தொடங்கும். கெலமங்கலம் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையம் இருக்கிறது, தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசினாலும் காய்கறி கிடைக்கிறது. வேண்டுமென்கிறபோது அய்யூர்க் காட்டுப் பக்கம் போய் மானைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

இதில் நான் மறந்திருந்த ஒன்றை நண்பரின் மனைவி எடுத்துச் சொன்னார். நிலத்தரகரிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதானாம்: "ராத்திரி பேரனுக்குக் காய்ச்சல்னா எந்த ரோட்டுல எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது?" தேன்கனிக்கோட்டைக்குப் போகலாம் என்றிருக்கிறார் தரகர். யானை இறங்குகிற மாதத்தில்? அதற்கு அவர் மழுப்பினாராம். ஒருவருடைய ஆசைக்காக ஒரு குடும்பமே இடம் மாறும்போது ஆசைப்பட்டவருக்குக் காடு கிடைக்கிறது. மற்றவர்களுக்குக் கிடைப்பது அந்த ரோடு.

மருமகனிடமும் அதையே கேட்டேன், உன் பெண்டாட்டி என்ன சொல்கிறாள் என்று. கொஞ்சநேரம் பதில் இல்லை. பிறகு விஸ்கான்சினில் மாடிசன் நகரம் என்றால் சரி என்கிறாள் என்றான். மகளுக்குப் பாட்டு வகுப்பு, கோயில், நாலு தமிழ்க் குடும்பம் எல்லாம் பக்கத்தில் கிடைக்குமாம். அங்கிருந்து நீ சொல்கிற காடு? "கார்ல ரெண்டு மணி நேரம் மாமா, தூரம்தான்" என்று இழுத்தான். ஒன்பது நாளுக்கு ரெண்டு மணி நேரம் ஒரு தூரமா என்றேன்.

நண்பர் இப்போது என்னோடு பேசுகிறார். வருகிற ஞாயிறு அந்த இரண்டரை ஏக்கரைப் பார்க்கக் கூட வரச்சொல்லியிருக்கிறார். வருகிறேன், ஆனால் அண்ணியையும் கூட்டிக்கொண்டு சாயங்காலமாகப் போவோம், இருட்டின பிறகுதான் திரும்புவது என்று சொல்லியிருக்கிறேன்.