உடன்படலும் வினையே



செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படல் என வினை வரும் வாயில்கள் மூன்று. முதலிரண்டிற்கும் அஞ்சும் நாம் மூன்றாவதைப் பெரிதாகக் கருதுவதில்லை. “நாமா செய்தோம்? உடன் நின்றோம், அவ்வளவே” என்று அமைதி கொள்கிறோம். ஒரு சிறு நாட்டின் வரலாற்றைக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

1965இல் நியூசிலாந்து சுமார் 26 லட்சம் மக்கள் வாழ்ந்த தீவு நாடு. வியட்நாம் அதன்மேல் படையெடுக்கவில்லை. எனினும் அவ்வாண்டு மே மாதம், பிரதமர் ஹோலியோக்கின் அரசு அமெரிக்காவின் விருப்பத்திற்கு இணங்கி, வியட்நாம் போருக்குப் பீரங்கிப் படையை அனுப்பத் தீர்மானித்தது. அவ்வரசு விரைந்து முன்வரவில்லை, தயங்கிற்று, போரின் முடிவில் ஐயமும் கொண்டிருந்தது. ஆயினும், 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் தன்னைக் காக்கக் கடமைப்பட்ட பெரிய நாடு மனம் கசந்துவிடுமோ என்னும் அச்சம் வென்றது. அச்சமும் நோகஷாயங்கள் ஒன்பதனுள் ஒன்றன்றோ!

1968இல் அங்கிருந்த அமெரிக்க வீரர் 5 லட்சத்திற்கும் மேல். நியூசிலாந்தினர் 500க்குச் சற்று மேல். ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வாறாயின் வினையும் ஆயிரத்தில் ஒரு பங்குதானோ?

அன்று. வினை தலைக்கணக்கால் பங்கிடப்படுவதில்லை. எண்ணத்தின் தீவிரம், மென்மை, அறிந்து செய்தல், அறியாது செய்தல் ஆகியவற்றால் அது வேறுபடும் என்பது தத்வார்த்த சூத்திரம் காட்டும் நெறி. தயக்கம் வினையின் கடுமையைக் குறைக்கலாம்; ஆனால் ஐயுற்றும் உடன்பட்டவர் அறியாது செய்தவர் ஆகார். தன்னைத் தாக்க வந்தவரைத் தடுக்கும் விரோதி ஹிம்சை இல்லறத்தார்க்கு விலக்கப்படவில்லை. தாக்க வாராதவர் நிலத்திற்குப் பிறர் பொருட்டுப் படை அனுப்புதல் அதனுள் அடங்குமோ?

அப்போரில் பணியாற்றிய நியூசிலாந்தினர் 3,000க்கும் மேற்பட்டோர். அவருள் 37 வீரர் மாண்டனர். காட்டை அழிக்கத் தூவிய நச்சு மருந்து அந்நாட்டு மக்கள்மேலும் இவ்வீரர்மேலும் படிந்தது. 1972 டிசம்பரில் புதிய பிரதமர் கிர்க் எஞ்சிய வீரரைத் திரும்ப அழைத்தார். 2008 மே மாதம் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் பிரதமர் ஹெலன் கிளார்க் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். குற்றத்தை வாய்விட்டு ஒப்புதல் பிரதிக்ரமணத்தின் முதற்படி, அதனைப் போற்றுவோம். ஆயினும் அம்மன்னிப்பு தம் வீரரையும் அவர்தம் குடும்பத்தாரையும் நோக்கியது. குண்டு விழுந்த ஊராரை நோக்கியதன்று. ‘எல்லா உயிர்களும் என்னைப் பொறுத்தருள்க’ என்று நாள்தோறும் வேண்டும் நமக்கு அவ்வேறுபாடு புலனாகும்.

அயல்நாட்டைப் பழித்தல் நம் நோக்கமன்று. வரப்பை நகர்த்திய பங்காளிக்காக, அவர் தயவு நாளை வேண்டும் என்று கருதிப் பஞ்சாயத்தில் நாம் வாய்மூடி இருந்ததில்லையோ? வலியவரின் நட்பு நல்லதே. அதன் விலையாக நம் உடன்பாட்டைக் கேட்கும்போது, ‘இது அறமன்று’ எனப் பணிவுடன் மறுப்பதும் நட்பின் கடமையே. இன்றிரவு பிரதிக்ரமணத்தில் அமரும்போது, செய்தவற்றோடு உடன்பட்டவற்றையும் எண்ணிப் பார்ப்போமாக.

அறம் வெல்க! அஹிம்சை தழைக்க!