குடம் எந்தக் காலத்தது?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுகதை எழுதினேன். கவிதைதான் என் கைப்பழக்கம். கதை எனக்குப் புதிது. 1957 செப்டம்பரில், முதுகுளத்தூரிலிருந்து சில மைல் தள்ளியுள்ள ஒரு கிராமத்தில் நடக்கும் கதை. இரண்டு பெண்கள். ஒருத்தி என் அப்பத்தாவின் சாயல் கொண்டவள். இன்னொருத்தி அவளுடைய புஞ்சைக்குக் கூலிக்கு வருகிறவள், ஊருக்குக் கிழக்கே தனியாக இருக்கும் தெருக்காரி. கலவர நாட்களில் அந்த இன்னொருத்தி தண்ணீருக்காக அப்பத்தாவின் வாசலுக்கு வருகிறாள்.

முதல் வரைவில் அவள் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது. நான் வளர்ந்த 1980களின் முதுகுளத்தூரில் தண்ணீர் என்றாலே வரிசையில் காத்திருக்கும் பச்சை, சிவப்புக் குடங்கள்தான். அரசு ஊழியரை மிரட்டுகிறவர்கள் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்’ என்று சொல்லும் காடு எங்கள் ஊர். குடம் எங்கள் உடம்பில் ஓர் உறுப்பு மாதிரி. அதனால்தான் கண்ணை மறைத்துவிட்டது. மறுநாள் படித்தபோது வெட்கமாகிப்போனது. பிளாஸ்டிக்கை அடித்துவிட்டுப் ‘பித்தளைக் குடம்’ என்று எழுதினேன்.

அதன்பின் ஒரு வெறியோடு மற்றதையும் சரிபார்த்தேன். நயா பைசா புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரல் 1. ஆகவே கதை நடக்கும்போது அதற்கு ஐந்து மாத வயதுதான். ரூபாய்க்குப் பதினாறு அணா என்று விரல்விட்டுப் பழகியவர்கள் நூறு பைசாக் கணக்கோடு மல்லுக்கட்டிய நாட்கள். இரண்டு நாணயமும் சேர்ந்தே கை மாறின. கிலோமீட்டர், லிட்டர் எல்லாம் அப்புறம், மைலும் படியும்தான். மாவட்டம் அல்ல, ஜில்லா. இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் சேர்ந்திருந்த பெரிய இராமநாதபுரம் ஜில்லா. தமிழ்நாடு அல்ல, சென்னை ராஜ்யம். பெயர் மாறியது 1969இல். ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்தி, கதையின் காலத்தைக் கட்டிவிட்டதாக நினைத்தேன்.

இது வீண்வேலை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சோழர் காலக் கதையில் அரண்மனைச் சமையல்காரி மிளகாய் கிள்ளிப் போட்டால், அது சின்னப் பிழைதான். போர்ச்சுகீசியர் வழியாக மிளகாய் இங்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில். ஆனால் அந்தச் சின்னப் பிழை எழுதியவரைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறது: இவர் அடுப்படியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டைக்கும் வாளுக்கும் பட்டாபிஷேகத்துக்கும் ஆதாரம் தேடுகிறவர்கள் அடுப்படிக்கு வந்ததும் கைக்குக் கிடைத்ததைப் போட்டுக் கொதிக்க வைத்துவிடுகிறார்கள். பெண்கள் புழங்கிய இடத்துக்குக் காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை, அது என்றைக்கும் ஒன்றுபோலவே இருந்தது என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. இத்தனைக்கும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டி வைத்திருக்கிறார்கள். விவரம் இல்லாமல் இல்லை. எடுத்துப் பார்க்க ஆள் குறைவு.

கதையை அச்சுக்குக் கொடுக்குமுன் யாரிடமாவது படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. 1957ஐப் பார்த்த ஒருவரிடம். என் வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி தன் பாட்டியிடம் கூட்டிப்போனாள். எண்பதைத் தொட்ட மூதாட்டி. கலவரத்தின்போது அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. நான் அவரைப் பாட்டி என்றேன். அவர் என்னை டீச்சர் என்றார். என் அப்பத்தா உயிரோடிருந்தால் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பாள், ‘வா, போ’ என்றுதான் பேசியிருப்பாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நாங்கள் ஊருணிக்குள் இறங்கித் தண்ணீர் மொண்ட வீடு. அவர்கள் கரையில் நின்ற வீடு.

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு இடத்தில் கையைத் தூக்கினார்.

“அவ இடுப்புல பித்தாளக் கொடமா இருந்துச்சு?”

“ஆமா பாட்டி. பிளாஸ்டிக் அப்ப இல்லைல்ல?”

“பிளாஸ்டிக் இல்லதான்” என்றார். “பித்தாளையும் இல்ல.”

எங்கள் மாவட்டத்து வரலாறு படித்தவள் நான். படித்தது என் கதைக்குள் வரவில்லை. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஜே. எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். விதித்தவர்கள் கள்ளர்கள் என்றும், மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன என்றும் எழுதியிருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது. இந்த எட்டும் சரியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று 1931 ஜூனில் கூடிப் பதினொரு தடைகள் போட்டார்கள். அதில் ஒன்று தண்ணீர் எடுக்கும் பெண்களுக்கானது: மண்குடத்தில்தான் தண்ணீர் சுமக்க வேண்டும், செம்பிலோ பித்தளையிலோ கூடாது. குடத்துக்கு அடியில் வைக்கோல் சும்மாடுதான், துணி கூடாது.

சும்மாடுவரைக்கும் யோசித்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் தலைக்கும் குடத்துக்கும் நடுவே எது இருக்கலாம் என்று கூடி உட்கார்ந்து பேசித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அவளைச் சுற்றியிருந்த சின்னப் பொருள்களின் முக்கியத்துவத்தை எழுத்தாளர்களைவிட அவளை ஒடுக்கியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

என் பிழை அங்கேதான் புரிந்தது. பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுப் பித்தளையை வைத்தபோது நான் 1957ஐக் கதைக்குள் கொண்டுவரவில்லை. என் வீட்டு 1957ஐக் கொண்டுவந்தேன். ஒரே ஊரில், ஒரே நாளில் இரண்டு காலம் ஓடியது. ‘அந்தக் காலத்தில் பெண்கள் பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுத்தார்கள்’ என்ற வாக்கியத்தில் ‘பெண்கள்’ என்ற சொல்தான் பொய்.

ஆனால் 1931ஐத் தூக்கி அப்படியே 1957இல் வைத்துவிடவும் முடியாது. நடுவில் 26 ஆண்டுகள். ஜில்லா பெரியது, ஒரு மூலையில் போட்ட தடை இன்னொரு மூலையில் அதே மாதிரி நடந்தது என்று சொல்ல முடியாது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்திருந்தது. படித்தவுடனே மண்குடத்தையும் வைக்கோலையும் வைத்து எழுதியிருந்தால், அவர்கள் கால் நூற்றாண்டாக ஓர் அடிகூட நகரவில்லை என்று நானே தீர்ப்பெழுதியதாகிவிடும். அதனால் மறுபடி போய்க் கேட்டேன்.

“வீட்டுல ஒரு பித்தாளக் கொடம் இருந்துச்சு டீச்சர். எங்க ஆத்தா கலியாணத்துக்கு வந்தது. வீட்டுக்குள்ளயேதான் இருக்கும். ஊருணிக்கு மங்கொடம்தான் எடுத்துட்டுப் போவோம்.”

“சும்மாடு?”

“துணிதான். வைக்கல் எங்க ஆத்தா காலத்துல. துணி வச்சதுக்கு எங்க ஆத்தா அடி வாங்கியிருக்கு.”

எந்த ஆவணக் காப்பகத்திலும் எனக்குக் கிடைத்திராத விவரம் இது. இரண்டு தலைமுறைக்கு நடுவில் துணி வெளியே வந்துவிட்டது. பித்தளை இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது. துணி அடி வாங்கி வந்தது.

கதையில் இதைவிடப் பெரிய பொய் ஒன்று இருந்தது. அதைப் பாட்டி சுட்டிக்காட்டவில்லை. மரியாதை கருதி விட்டாரோ என்னவோ. கதையில் என் அப்பத்தா, வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணிடம் செம்பை நீட்டுகிறாள். இருவர் விரலும் படுகின்றன. கதையின் உச்சம் அதுதான்; எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

என் அப்பத்தா யார் கையிலும் செம்பைக் கொடுத்தவள் இல்லை. தண்ணீர் இல்லை என்று யாரையும் விரட்டியவளும் இல்லை. குனிந்து கையேந்தச் சொல்லி, உயரத்திலிருந்து ஊற்றுவாள். 1980களில் நானே பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டு தெறித்துத் தன் காலில் பட்டுவிடாமல் ஓரடி விலகி நின்று ஊற்றுவாள். அது ஈரம் என்றுதான் அவள் நம்பினாள்.

நயா பைசாவுக்கு நாள் பார்த்த நான், அப்பத்தாவின் மனசுக்குள் 2020ஐ வைத்துவிட்டேன். நாம் எழுதும் பழங்காலக் கதைகளில் மிக அதிகமாக நடக்கும் காலப்பிழை இதுதான் என்று நினைக்கிறேன். புடவை சரியாக இருக்கும், பாம்படம் சரியாக இருக்கும், பேச்சு வழக்குகூடச் சரியாக இருக்கும். அந்தப் பாம்படத்துக்கு நடுவே இருக்கும் முகத்தில் மட்டும் நம் காலத்து மனசாட்சி இருக்கும். காரணம் அன்புதான். நாம் நேசித்தவர்களை இன்றைக்கு நாம் சகிக்கக்கூடியவர்களாக ஆக்கிக்கொள்கிறோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். ‘அந்தக் காலம் அப்படி. அவர்களை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?’ நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இதுவும் காலப்பிழையே. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்ட இம்மானுவேல் சேகரனுக்கு வயது 32. முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் நடந்த மறுநாள். அவர் எங்கள் பக்கத்துச் செல்லூர்க்காரர். வெளிநாட்டிலிருந்தோ எதிர்காலத்திலிருந்தோ வந்தவர் அல்ல. கீழத்தஞ்சையில் பிராமணக் கைம்பெண்ணான மணலூர் மணியம்மை கிராப்பு வெட்டி, வேட்டி கட்டிக்கொண்டு பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டி, 1953இல் இறந்தும் போயிருந்தார். ராஜம் கிருஷ்ணன் அவரைப் பற்றித் தேடித் திரட்டி ‘பாதையில் பதிந்த அடிகள்’ எழுதியிருக்கிறார். அவர்களும் அந்தக் காலம்தான். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1931இன் தடைகளே சாட்சி. யாரும் செய்யாத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை. துணிச் சும்மாடு கூடாது என்று தீர்மானம் போட்டார்கள் என்றால், துணி வைத்த பெண்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

ஆக, ‘காலம் அப்படி’ என்பது காலத்தை மேலே நின்றவர்களின் சொத்தாக எழுதிவைக்கும் வாக்கியம். இது அநியாயம் என்ற உணர்வு 1957இல் இல்லாமல் இல்லை. அது என் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் அப்பத்தாவை எப்படி எழுதுவது? பெண்ணியம் பேசுகிற எனக்கு இது லேசான கேள்வி இல்லை. அவள் முப்பது வயதில் தாலி அறுத்தவள். வெள்ளைச் சேலைக்குள் மீதி வாழ்க்கையை முடித்தவள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இல் வந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பங்கு கேட்டிருக்க முடியாது. புஞ்சை அவள் பாடுபட்டது. பட்டா கொழுந்தனார் பெயரில் இருந்தது. கலவர நாட்களில் எந்த முடிவும் அவளைக் கேட்டு எடுக்கப்படவில்லை. கீழத்தூவலில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக்கொன்ற செய்தி வந்தபின், வீட்டு ஆண்கள் போலீசுக்குப் பயந்து காட்டில் கிடந்தபோது, இருட்டில் சோறு கொண்டுபோனவள் அவள். இவ்வளவும் உண்மை. இதை எழுதுவது என் கடமை.

ஆனால் இந்த உண்மையைக் கரைத்துப் பிசைந்து அந்த உண்மையைக் கழுவக் கூடாது. வீட்டுக்குள் அவள் ஒடுக்கப்பட்டவள். ஊருணிக் கரையில் அவள் ஒடுக்கியவள். இரண்டும் ஒரே பெண்ணின் ஒரே பகல். இரண்டு பெண்களின் விரல் பட்டுக்கொள்வதாக எழுதியபோது, நடக்காத ஒரு சகோதரித்துவத்தை நடந்ததாகச் சொல்லி, அந்த இன்னொருத்தியின் நன்றியை என் குடும்பத்துக்கு வாங்கிக் கொடுத்தேன். அது அவளிடமிருந்து எடுத்தது. அவள் உழைப்பை வாங்கியது போதாதென்று மன்னிப்பையும் நாமே எழுதி எடுத்துக்கொள்வது.

கதையைத் திருத்தினேன். செம்பு போய்விட்டது. அப்பத்தா உயரத்திலிருந்து ஊற்றுகிறாள், ஓரடி விலகி. குனிந்திருப்பவளின் மனசுக்குள் நான் நுழையவில்லை. அந்த அறைக்குள் போக எனக்கு அழைப்பில்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்ததிலிருந்து அவர்கள் பக்கத்தை அவர்களே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என்னால் எழுத முடிந்தது, ஊற்றுகிறவளின் கை. அது எனக்கு நன்றாகத் தெரிந்த கை. எனக்குத் தலை வாரிவிட்ட கை.

திருத்தியதைப் படித்துக்காட்டப் போனேன். கேட்டு முடித்ததும் பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கதை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

“சும்மாட்டுத் துணி என்ன நெறம்னு போடலயே” என்றார்.

என்ன நிறம் என்று கேட்டேன்.

“செவப்பு. எங்க ஆத்தா சீலையில கிழிச்சது.”

எழுதிக்கொண்டேன்.