நினைவுக்கு ஏது பட்டா?

"கெட்டுவிட்டது ஊர்!" - சிறு வயதில் கண்ட குமரிமுனையைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டு திரும்புவோர் பலர் உதிர்க்கும் முதற்சொல் இது. கடல் அங்கேதான் இருக்கிறது. கதிரவன் எழுவதும் மறைவதும் நின்றுவிடவில்லை. ஆயினும், 'நான் கண்ட குமரி இதுவல்ல' என்று பெருமூச்செறிகின்றனர். கடைகள் பெருகிவிட்டனவாம். கூட்டம் மிகுந்துவிட்டதாம். கண்ணாடிப் பாலம் வந்து கடலின் எழிலைக் குலைத்துவிட்டதாம். அன்றிருந்த அமைதி எங்கே, எளிமை எங்கே என்று ஏங்குகின்றனர்.

ஏக்கத்தை ஏளனம் செய்வது என் நோக்கமன்று. இளமை நினைவு இனியது. அதை இழக்க எவர்தான் இசைவர்? ஆனால், அந்த இனிமையையே அளவுகோலாகக் கொண்டு ஓர் ஊருக்குத் தீர்ப்பு வழங்கலாமா? விடுமுறையிலே இரண்டு நாள் தங்கிச் சென்றவன், 'நான் கண்டபடியே இரு' என்று அந்த ஊருக்குக் கட்டளையிடலாமா? பொழுதுபோக்குப் பற்றிய சிறு கேள்விபோல் தோன்றும் இது, உண்மையில் அறம் பற்றிய கேள்வி. ஆராய்ந்து பார்ப்போம்.

'அன்று, அன்று' என்கின்றனரே, எந்த அன்று? என் பாட்டனார் இளமையில் கண்ட குமரியிலே, கரைக்கு அப்பால் அலை மோதும் வெறும் பாறைகளே இருந்தன. காந்தி மண்டபம் எழுந்தது 1956-இல். குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததும் அவ்வாண்டு நவம்பர் முதல் நாளன்றுதான். ஒரு பாறையின்மீது விவேகானந்தர் மண்டபம் அமைந்தது 1970-இல். மற்றொரு பாறையின்மீது வள்ளுவர் சிலை திறக்கப்பட்டது 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கும் 38 அடிப் பீடம். பொருளுக்கும் இன்பத்துக்குமாக 95 அடிச் சிலை. மொத்தம் 133 அடி. கணபதி ஸ்தபதியாரின் கைவண்ணம். இரு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம், 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடையது, திறக்கப்பட்டது 2024 திசம்பர் 30-இல்.

2009-ஆம் ஆண்டு, பத்து வயதுப் பள்ளிச் சிறுவனாக நான் அங்கே சென்றபோது, அச்சிலை கடலோடு பிறந்ததாகவே எனக்குத் தோன்றியது. உண்மையோ வேறு, என்னைவிட இளையது அச்சிலை! என் பாட்டனாருக்குப் புதுமையாக இருந்தது எனக்குத் தொன்மையாகிவிட்டது. எனக்குப் புதுமையாக இருக்கும் பாலம் என் மாணவர்க்குத் தொன்மையாகும். 'நான் பிறக்குமுன் வந்தவையெல்லாம் இயற்கை. நான் வளர்ந்தபின் வந்தவையெல்லாம் கேடு' என்று ஒவ்வொரு தலைமுறையும் கோடு கிழிக்கிறது. ஊர் கெட்டதற்கான சான்றாகுமா அந்தக் கோடு? கோடு கிழித்தவரின் வயதைத்தான் அது காட்டும்!

அன்று எங்களை ஏற்றிச் சென்ற படகு, விவேகானந்தர் பாறையோடு நின்றுவிட்டது. நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால், வள்ளுவர் பாறைக்குப் படகு விடவில்லை. எட்டி நின்று பார்த்தோம், ஏமாற்றத்தோடு திரும்பினோம். அந்த ஏமாற்றமும் இன்று இனிக்கிறது. நினைவின் மாயம் அத்தகையது! 2025-இல், ஆசிரியனாக, என் மாணவர்களை அழைத்துச் சென்றேன். கண்ணாடிக்குக் கீழே அலை புரள்வதைக் கண்டு அவர்கள் எழுப்பிய ஆரவாரம் இன்னும் என் காதில் ஒலிக்கிறது. பாலத்தைக் கடந்து சென்று, பீடத்தின் கல்லைத் தொட்டுப் பார்த்தனர். அப்போது அவர்களிடம், 'அந்தக் காலத்தில் இந்த ஊர் எப்படி இருந்தது தெரியுமா?' என்று புலம்பத் தொடங்குவது முறையாகுமா? முதன்முறை கடலைக் காணும் பிள்ளையிடம், 'நீ தாமதமாக வந்துவிட்டாய்' என்று கூறுவது, அவன் கையிலுள்ள தின்பண்டத்தைத் தட்டிப் பறிப்பதற்கு ஒப்பாகும். என் இளமை எனக்கு. அவன் இளமை அவனுக்கு.

"சரி, ஆனால் வளர்ந்தபின் வியப்பு போய்விடுகிறதே!" என்பர். அதுவும் கட்டாயமில்லை. குமரிக்கரையிலே பல நிற மணலைப் பொட்டலம் கட்டி விற்பார்கள். 'அம்மன் திருமணத்துக்காக வைத்திருந்த அரிசி. மணம் நின்றுபோனதால் மணலாகிவிட்டது' என்று அன்று எனக்குக் கதை சொன்னார்கள். நம்பினேன், வியந்தேன். இன்று அறிகிறேன்: சிவப்பாக மின்னுவது கார்னெட்; கருமையாகப் படிவது இல்மனைட். மலைப்பாறைகள் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் நைந்து பொடியாகின்றன. ஆறுகள் அப்பொடியைக் கடலில் சேர்க்கின்றன. அலைகள் அதைப் புடைத்து, எடை மிகுந்த மணலைக் கரையிலே விட்டுச் செல்கின்றன. சுளகால் புடைக்கும் தாயைப்போலக் கடல் புடைக்கிறது! அரிசிக் கதை தந்த வியப்பைவிட இந்த உண்மை தரும் வியப்பு எந்த வகையில் குறைந்தது? முன்னதைக் கேட்டால் போதும்; பின்னதை முயன்று கற்க வேண்டும். வியப்பு போய்விட்டதென்று வருந்துவோர், கற்கும் முயற்சி போய்விட்டதா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

இனி, எல்லாவற்றிலும் முதன்மையானதைக் கூறுகிறேன். என் இளமை நினைவிலே ஒரு சிறுவன் நிற்கிறான். என் வயதுதான் அவனுக்கும். தோள் நிறையச் சிப்பி மாலைகள். வெயிலில் காய்ந்த முகம். கூவிக் கூவி விற்றான். எனக்கு அவன் கடற்கரைக் காட்சிகளில் ஒன்று. அலை, பாறை, படகு, சிப்பி மாலைச் சிறுவன்! இன்று ஆசிரியனாக நின்று எண்ணும்போது நெஞ்சு கேட்கிறது: நான் பள்ளியிலிருந்து சுற்றுலா வந்த நாளில், அவன் எந்தப் பள்ளியிலிருந்து வந்தான்? குழந்தைகட்குக் கட்டாயக் கல்வி உரிமை தரும் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2010 ஏப்ரல் முதல் நாளில்தான். 'ஊர் அன்றுபோலவே இருந்திருக்கலாகாதா?' என்று நான் ஏங்குவேனாயின், அந்தச் சிறுவனும் அன்றுபோலவே வெயிலில் நிற்க வேண்டும் என்றல்லவா பொருள்?

கடற்கரை நமக்கு உலாவும் இடம். மீனவர்க்கு அது கழனி. நாம் அலையைக் கண்டு களிக்கிறோம். அவர்கள் அலையோடு போராடி உண்கிறார்கள். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இம்மாவட்டத்துக் கடற்கரை ஊர்களைச் சூறையாடியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, கடலுக்குச் சென்ற மீனவர் பலர் கரை திரும்பவே இல்லை. ஓலைக்குடிசை ஓவியம்போல் இருந்ததாம், கல்வீடு வந்து காட்சியைக் கெடுத்துவிட்டதாம்! இவ்வாறு கூறுவோர், அடைமழை இரவொன்றிலே அந்தக் குடிசையில் படுத்துறங்கியதுண்டா? தம் இல்லத்துக்குக் குளிர்சாதனம் வேண்டும். தம் நினைவிலுள்ள ஊருக்குமட்டும் கூரை ஒழுக வேண்டும்! இது அழகுணர்ச்சியாகுமா? அடுத்தவன் வறுமையைத் தன் நினைவுக்குச் சட்டமாக மாட்டிக்கொள்ளும் தன்னலம் இது.

அவ்வாறாயின் மாற்றம் எல்லாமே நன்றா? இல்லை. கரையெங்கும் நெகிழிக் குப்பை குவிவது மாற்றந்தான். கழிவுநீர் கடலில் கலப்பதும் மாற்றந்தான். அவற்றைக் கைதட்டி வரவேற்கச் சொல்லவில்லை நான். நினைவுக்கு ஒரு நற்பணி உண்டு. அது சான்று கூறும் பணி. 'நாற்பது ஆண்டுகட்கு முன் அலை இந்த இடத்தோடு நின்றது; இன்று வீட்டு வாயிலுக்கு வந்துவிட்டது' என்று முதிய மீனவர் ஒருவர் கூறினால், ஆட்சியாளரும் அறிஞரும் செவிமடுக்க வேண்டிய சான்று அது. அங்கே வாழ்ந்து, உழைத்து, இழந்து பெற்ற நினைவு அது. நம் நினைவும் சான்றாகட்டும், பட்டாவாக வேண்டாம். சான்று கூறுபவன் உண்மைக்குக் கட்டுப்பட்டவன். பட்டா கேட்பவனோ ஊரையே தனக்குக் கட்டுப்படச் சொல்கிறான்.

ஆகவே, இளமையில் கண்ட கடற்கரைக்கு மீண்டும் செல்லும் நண்பர்களே, 'என் நினைவுக்கு ஒத்திருக்கிறதா இந்த ஊர்?' என்ற கேள்வியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். வேறு இரு கேள்விகளை உடன் கொண்டு செல்லுங்கள். இங்கு வாழ்வோர் வாழ்வு உயர்ந்திருக்கிறதா? நாளை வரப்போகும் குழந்தைக்குக் கடலும் கரையும் தூய்மையாக எஞ்சியிருக்குமா? இரண்டில் எதற்கு 'இல்லை' என்ற விடை வந்தாலும், உரக்கக் குரல் எழுப்புங்கள். உங்கள் நினைவைச் சான்றாக வையுங்கள். இரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை வந்தால், நீங்கள் கண்ட பழைய காட்சி மறைந்துவிட்டதே என்று கலங்காதீர்கள். ஊர் வாழ்கிறது. வாழும் ஊர் மாறத்தான் செய்யும்!