அழுக்கால் அழுக்கைக் கழுவுதல்

சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் ஓர் ஆட்சேபம் வரும். உடம்பு, மனம், உலகம் எல்லாமே மாயையிலிருந்து வந்தவை. மாயையும் ஆணவம், கன்மம் போலவே மும்மலங்களில் ஒன்று. அப்படியிருக்க, உயிரின் மலத்தைப் போக்கத்தான் இறைவன் இந்த உடம்பைக் கொடுத்தான் என்பது எப்படிப் பொருந்தும்? அழுக்கைக் கொண்டு அழுக்கைக் கழுவ முடியுமா? 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் இதற்கு விடையைச் சலவைத் துறையிலிருந்து எடுத்தார். அழுக்குத் துணியின் மேல் சாணியும் உவர்மண்ணும் ஏற்றுகிறார்கள். பார்ப்பவருக்குத் துணியை இன்னும் கெடுப்பதாகத்தான் தோன்றும். வெளுத்து முடிக்கும்போது பழைய அழுக்கோடு சாணியும் உவரும் சேர்ந்தே போய்விடுகின்றன.

நான் கும்பகோணத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். முப்பத்தாறு வயதிலும் மோவாய் ஓரம் பரு வருகிறவள். மாதம் ஒரு ஞாயிறு, திருவாவடுதுறை ஆதீனம் நடத்தும் சைவ சித்தாந்த வகுப்பில் உட்காருகிறேன். வாரத்தில் இரண்டு இரவு முகத்துக்கு அமில டோனர் போடுகிறேன். இது எப்படியோ பேச்சில் வந்தபோது, வகுப்பில் என் பக்கத்து இடத்துப் பெரியம்மா, "நெத்தியில நீறு, கன்னத்துல திராவகமா? நல்லாயிருக்கும்மா" என்றார். கேலிதான். ஆனாலும் உள்ளே ஒரு நியாயமான கேள்வி இருந்தது. உடம்பு பாசம், அதாவது உயிரைக் கட்டும் தளை என்று காலையில் படித்துவிட்டு, ராத்திரி கண்ணாடி முன் நின்று அதன் மேல்தோலுக்குப் பணிவிடை செய்கிறவள் எதை நம்புகிறாள்?

முதலில் எது அழுக்கு என்று பார்க்க வேண்டும். கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் மூக்கைத் தொட்டுக் காட்டி, "அழுக்கு அடைச்சிருக்குக்கா" என்பார்கள். அந்தக் கரும்புள்ளியில் தூசி இல்லை. மயிர்த்துளைக்குள் உதிர வேண்டிய செத்த செல்களும் எண்ணெய்ச் சுரப்பும் சேர்ந்து அடைத்திருக்கின்றன. மேல்முனை காற்றுப் பட்டும் நிறமியாலும் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். பரு வரும் தோலில் செல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து உதிராமல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. எண்ணெய் வெளியே வழி தெரியாமல் தேங்குகிறது, அங்கே எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியா பெருகுகிறது, வீங்குகிறது. ஆக, இங்கே வெளியிலிருந்து வந்து ஒட்டிய மாசு ஒன்றுமில்லை. விட வேண்டியதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் நோய். சோப்பு போட்டுத் தேய்க்கத் தேய்க்க ஏன் போகவில்லை என்பதற்குக் காரணம் இதுதான்.

அமிலம் தேய்ப்பதில்லை. செல்களைக் கோத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்துகிறது. உதிர்வதைச் செல்களே பார்த்துக்கொள்கின்றன. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும், அதனால் துளைக்குள் இறங்கும். பரு உள்ளவர்களுக்கு அதைச் சொல்வது இதற்காகத்தான். கடையில் நேராகக் கிடைக்கும் பொருள்களில் பெரும்பாலும் 2 சதவீதத்துக்கு மேல் போகாது. கிளைகாலிக் அமிலம் நீரில் கரைவது, மேற்பரப்பில் வேலை செய்வது. இந்த இரண்டாவது வகை அமிலங்களைத் தோல் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்கள் வான் ஸ்காட், யூ என்ற இருவர். 1974இல் அவர்கள் எழுதிய கட்டுரை அழகைப் பற்றியதே அல்ல. மீன்செதில் போலத் தோல் தடித்துப் போகும் பிறவி நோய்க்காரர்களைப் பற்றியது. கூச்சப்பட்டு வாங்குகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

பெரியம்மாவின் கேள்விக்கு அருள்நந்தியாரின் சலவையே பதில் என்று முதலில் எனக்குப் பட்டது. உடம்பு கழுவும் கருவி. கருவியைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்வதில் தவறென்ன? (ஒரு மருந்தாளுநராக இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உவர்மண் காரம். நம் தோலின் மேற்பரப்பு இயல்பிலேயே லேசான அமிலம், பி.எச். ஏறக்குறைய 5. உவமை துணிக்குத்தான், முகத்துக்கு அல்ல.) ஆனால் இந்தப் பதில் சுலபமாக வந்துவிட்டது. கருவி என்று சொல்லிவிட்டால் எந்த அலங்காரத்துக்கும் சாத்திரத்தில் இடம் கிடைத்துவிடும்.

யோசிக்க யோசிக்க எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. கழுவுவது என்றாலே கடுமை என்று நாம் நினைத்துவிடுகிறோம். கடைக்கு வரும் ஒரு பிள்ளையிடம் அமிலத்தை வாரம் இரண்டு தடவை என்று சொல்லிக் கொடுத்தால், பத்து நாளில் அந்தப் பிள்ளை சிவந்த முகத்தோடு திரும்பி வந்து, இதைவிட ஸ்ட்ராங்காக இருக்கிறதா என்று கேட்கும். தினம் இரண்டு வேளை போட்டிருக்கும். எரிச்சலை மருந்து வேலை செய்யும் அடையாளம் என்று எடுத்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை நீக்கப் பார்க்கும் செத்த அடுக்குதான் உள்ளிருக்கும் ஈரத்தைக் காப்பது. பதினைந்து இருபது வரிசைச் செல்கள். எல்லாம் சேர்த்தும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் கனம். ஒரு செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிரச் சுமார் நான்கு வாரம். அந்தக் காலத்தை அமிலம் கொஞ்சம் நெருக்கலாம், இல்லாமல் ஆக்க முடியாது. நம் நிறத்துத் தோல் இன்னொன்றும் செய்யும்: புண்பட்ட இடத்தைக் கறுப்பாக்கி மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும். கிளைகாலிக் வகையால் வெயிலைத் தாங்கும் சக்தியும் குறைகிறது. அதை நிறுத்திய பின்னும் ஒரு வாரத்துக்கு சன்ஸ்கிரீன் வேண்டும்.

சித்தாந்தம் இந்த அவசரத்தை அறிந்திருக்கிறது. ஆணவம் பிடுங்கி எறியப்படுவதாக அது சொல்வதில்லை. மலபரிபாகம், அதாவது மலம் பக்குவப்படுவது என்கிறது. இறைவனின் மறைப்புச் சக்தி மலத்தோடு கூடவே நின்று அதைப் பழுக்கவைக்கிறது. அப்படிக் கூட நிற்பதாலேயே அந்தச் சக்தியையும் உபசாரமாக, அதாவது பெயரளவில், மலம் என்று எண்ணிவிட்டார்கள். உயிர் வீடுபேறு அடைந்த பிறகும் ஆணவம் என்ற பொருள் அழிவதில்லை, அதன் வலிமைதான் மடங்குகிறது. எண்ணெய்ச் சுரப்பியை யாரும் எடுத்துவிட முடியாத தோலோடு வாழ்கிறவளுக்கு இது புரியாத தத்துவம் இல்லை. ஆனால் டோனரை நிறுத்தினால் ஒன்றிரண்டு மாதத்தில் பரு திரும்பும். மடங்கிய ஆணவம் திரும்பாது என்கிறது சாத்திரம். ஒப்புமையை அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

வினை என்று சொல்கிறவர்களும் உண்டு. எங்கள் உறவில் ஒருவர், பரு முன்வினைப் பயன், பொறுத்துக்கொள் என்றார். உடம்புக்கு வரும் இன்ப துன்பம் வினைவழி என்பது சித்தாந்தமேதான். அந்தக் கணக்கைப் பக்கத்து வீட்டார் திறந்து படிக்கலாம் என்று எந்தச் சூத்திரத்திலும் இல்லை.

எனக்கு உண்மையில் முள்ளாக நிற்கும் இடம் வேறு. சித்தியாரின் உவமையில் துணி தன்னைத் தானே வெளுப்பதில்லை, வெளுப்பவன் இறைவன். கண்ணாடி முன்னே நானே துணி, நானே வெளுப்பவள். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டு முகம் தெளிந்தபோது, கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். ஒழுங்கு, பொறுமை, சன்ஸ்கிரீன் என்று அடுக்கினேன். 'நான் செய்தேன்' என்ற அந்தக் குரல் எவ்வளவு இனிப்பாக இருந்தது! சாத்திரம் ஆணவம் என்பது அதைத்தான். பரு இருந்தபோது கண்ணாடியைத் தவிர்த்தவள், தெளிந்த பிறகு போகிற வருகிற கண்ணாடியில் எல்லாம் எட்டிப் பார்த்தேன். முகத்தை மறக்கவிடாமல் பரு செய்த வேலையைத் தெளிந்த தோல் இன்னும் நன்றாகவே செய்தது. பெரியம்மா கேலி செய்ய வேண்டியது திராவகத்தை அல்ல, இதை.

வகுப்பு எடுக்கும் ஐயாவிடம் கேட்டேன்: வெளுப்பவன் அவன் என்றால் துணிக்கு வேலையே இல்லையா? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கும் உயிரின் பங்கு என்றார். அதையும் உயிர் 'நான் செய்தேன்' என்று சொல்லிக்கொள்ளுமே, ஐயா, என்றேன். சிரித்தார். "சிவஞானபோதத்துல எட்டாம் சூத்திரம் வரட்டும்மா" என்றார். வீட்டுக்கு வந்து முன்கூட்டியே படித்துப் பார்த்தேன். ஐம்புலன் என்ற வேடர்களிடையே வளர்ந்து தன்னை மறந்த உயிருக்கு, அது செய்த தவத்தினால், இறைவனே குருவாக வந்து உணர்த்துகிறான் என்கிறது. அந்தத் தவத்தைச் செய்தது யார் என்று அடுத்த மாதம் கேட்கப் போகிறேன்.